தன்னைத்தானே மாற்றி எழுதும் போன்

"அப்டேட்டை நிறுவ முடியவில்லை" என்று திரையில் ஒரு வரி வந்து நின்றால், போனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று மனம் பதறுகிறது. ஆனால் அந்த வரி தெரியும் பெரும்பாலான நேரங்களில் போன் நலமாகவே இருக்கிறது. வந்த கோப்போ சூழ்நிலையோ சரிபார்ப்பில் தேறவில்லை. அதனால் பழைய மென்பொருளைத் தொடாமல் போன் ஒதுங்கிக்கொண்டது. அப்படி ஒதுங்கத் தெரிவது சின்ன விஷயமில்லை. அதற்குப் பின்னால் பல பத்தாண்டுக் கணிதமும் பொறியியலும் இருக்கின்றன.

சிக்கலின் வேர் இதுதான். திரையை ஒளிர வைப்பதும், வைஃபையைப் பிடிப்பதும், கோப்புகளைச் சேமிப்பதும் இயங்குதளத்தின் வேலை. அந்த இயங்குதளத்தையே மாற்ற வேண்டும். மாற்றும் வேலையையும் அதுவே செய்ய வேண்டும். முன்பெல்லாம் ஆண்ட்ராய்டு போன்கள் இதற்கென 'ரெக்கவரி' என்ற குட்டி இயங்குதளத்துக்குள் போய், அங்கிருந்தபடி பழைய மென்பொருளின் மேலேயே புதியதை எழுதின. பாதியில் பேட்டரி தீர்ந்தால் பழையதும் இருக்காது, புதியதும் முடிந்திருக்காது. போன் லோகோவிலேயே நின்றுவிடக்கூடும்.

2016இல் வெளியான ஆண்ட்ராய்டு 7, பிக்சல் போன்களில் வேறு வழியைக் கொண்டுவந்தது. சேமிப்பகத்தில் இயங்குதளத்துக்கு ஏ, பி என இரண்டு இடங்கள். ஏ-யில் போன் ஓடிக்கொண்டிருக்கும்போதே பி-யில் புதியது எழுதப்படும். பழைய வீட்டில் குடியிருந்தபடியே பக்கத்து மனையில் புது வீட்டைக் கட்டி முடித்து, பிறகு பால் காய்ச்சிக் குடிபோவது மாதிரி. நாம் ரீஸ்டார்ட் செய்யும்போது போன் பி-யிலிருந்து எழ முயலும். எழுந்து எல்லாம் சரியாக இருந்தால் 'வெற்றி' என்று குறித்துக்கொள்ளும். சில முறை முயன்றும் எழ முடியாவிட்டால், யாரும் சொல்லாமலேயே ஏ-க்குத் திரும்பிவிடும். இரவில் அப்டேட் போட்டு, காலையில் பழைய பதிப்பே இருப்பதைப் பார்க்கிறவர்கள் இந்தத் திரும்புதலைப் பார்த்திருக்கலாம்.

பூமிக்கு வெளியேயும் இந்தச் சிந்தனை வேலை செய்கிறது. செவ்வாயில் இறங்கிய நாசாவின் கியூரியாசிட்டி ஊர்திக்குள் ஏ, பி என ஒரே மாதிரியான இரண்டு கணினிகள் உண்டு. 2012 ஆகஸ்டில் தரையிறங்கிய சில நாட்களிலேயே, இறங்குவதற்கான மென்பொருளுக்குப் பதிலாகத் தரையில் ஓடுவதற்கான மென்பொருள் அதில் ஏற்றப்பட்டது. 2013 பிப்ரவரி இறுதியில் ஏ கணினியின் ஃபிளாஷ் நினைவகத்தில் கோளாறு வந்தபோது பொறியாளர்கள் ஊர்தியை பி-க்கு மாற்றினார்கள். போய்த் தொட்டுப் பார்க்க முடியாத இயந்திரத்துக்குத் திரும்பி வரும் வழி ஒன்று எப்போதும் வேண்டும். கோடிக்கணக்கானோர் கையிலுள்ள போன்களும், அவற்றைத் தயாரித்தவர்களுக்கு அப்படி எட்டாத தொலைவில்தான் இருக்கின்றன.

அப்டேட் கடக்க வேண்டிய முதல் வாசல், 'இது யாரிடமிருந்து வந்தது?' என்ற கேள்வி. அதற்கு விடை தரும் பொதுத் திறவுகோல் முறைக்கு 1976இல் டிஃபி, ஹெல்மன் என்ற இரு ஆய்வாளர்கள் வித்திட்டார்கள். அடுத்த ஆண்டு ரிவெஸ்ட், ஷமிர், ஏடல்மன் மூவரும் அதற்குச் செயல்வடிவம் தந்தார்கள். நிறுவனம் தன்னிடம் மட்டுமே இருக்கும் ரகசியத் திறவுகோலால் அப்டேட்டில் கையெழுத்திடும். போனிலுள்ள பொதுத் திறவுகோல் அதைச் சரிபார்க்கும். ஐபோனில் இன்னும் ஒரு படி அதிகம். போன் தன் சிப்பின் தனி எண்ணை ஆப்பிளின் சர்வருக்கு அனுப்பி, அந்த ஒரு போனுக்கு மட்டுமே செல்லுபடியாகும் ஒப்புதலைப் பெற வேண்டும். கோப்பு முழுதாக இறங்கிய பிறகும் 'சரிபார்க்க முடியவில்லை, இணைய இணைப்பு இல்லை' என்று ஐபோன் சொல்வது இதனால்தான்.

இந்த வாசலில் பலரும் நினைத்தே பார்க்காத ஒரு தடை உண்டு: தேதி. பாதுகாப்பான இணைய இணைப்புக்கான சான்றிதழ்களில் தொடக்க நாளும் முடிவு நாளும் இருக்கும். மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்து சார்ஜ் முழுவதும் இறங்கிப்போன டேப்லெட்டை எடுத்து ஆன் செய்தால், சில கருவிகளில் தேதி 1970 ஜனவரி 1 என்றுகூடக் காட்டும். கணினிகளில் காலக் கணக்கு வழக்கமாகத் தொடங்கும் நாள் அது. அந்தத் தேதியிலிருந்து பார்த்தால் இன்றைய சான்றிதழ்கள் எல்லாம் இன்னும் தொடங்காத எதிர்காலத்தில் இருக்கும். கருவி சர்வரை நம்ப மறுக்கும். தேதியைச் சரிசெய்தால் போதும்.

அடுத்த கேள்வி, கோப்பு பிசகில்லாமல் வந்ததா என்பது. இதற்கு உதவுவது ஹாஷ் என்ற கணக்கு. பல ஜிபி கோப்பானாலும் ஒற்றை எழுத்தானாலும் எஸ்எச்ஏ-256 முறை அதை 256 பிட் கொண்ட ஒரே அளவு அடையாளமாகச் சுருக்கும். மூலத்தில் ஒரே ஒரு பிட் மாறினாலும் அடையாளத்தில் சராசரியாகப் பாதி பிட்டுகள் மாறிவிடும். வைஃபை விட்டுவிட்டு வரும் இடத்தில் இறக்கிய கோப்பில் ஒரு துளி பிசகினாலும் இங்கே மாட்டிக்கொள்ளும்.

போனுக்குள் எழுதி முடித்த பிறகும் இந்தக் காவல் தொடர்கிறது. 4 ஜிபி அளவுள்ள ஓர் இயங்குதளப் பகுதியை எடுத்துக்கொள்வோம். அதை 4 கேபி துண்டுகளாகப் பிரித்தால் 10,48,576 துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் 32 பைட் ஹாஷ். இப்படி 128 ஹாஷ்கள் ஒரு 4 கேபி துண்டில் அடங்கும் என்பதால், மொத்த ஹாஷ்களும் 8,192 துண்டுகளுக்குள் வந்துவிடும். அந்தத் துண்டுகளுக்கும் ஹாஷ் எடுத்தால் 64 துண்டுகள். மறுபடி எடுத்தால் ஒரே துண்டு. அதற்கு ஒரே ஹாஷ். 10 லட்சம் துண்டுகளில் எதில் கை வைத்தாலும் உச்சியிலுள்ள அந்த 32 பைட்டோடு கணக்கு ஒத்துவராது. ரால்ஃப் மெர்க்கிள் 1979இல் முன்வைத்த இந்த மர அமைப்பைக் கொண்டு, ஆண்ட்ராய்டு ஒரு துண்டைச் சேமிப்பகத்திலிருந்து படிக்கும்போதே சரிபார்க்கிறது.

ரூட் செய்த, அதாவது இயங்குதளத்தின் முழு அதிகாரத்தையும் பெற்று அதை மாற்றியமைத்த போன்களில் அப்டேட் தடுக்கப்படுவதற்கான காரணமும் இங்கே புரியும். பெரும்பாலான அப்டேட்டுகள் முழு இயங்குதளத்தையும் சுமந்து வருவதில்லை. பழையதற்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் கொண்டு வருகின்றன. அதைப் பொருத்த வேண்டுமானால் பழையது தொழிற்சாலையில் இருந்தபடியே, பிட் பிசகாமல் இருக்க வேண்டும்.

மீதி இருப்பவை இடமும் மின்சாரமும். இரண்டு முழுப் பிரதிகளுக்கு நிறைய இடம் போவதால், 2020இல் வந்த ஆண்ட்ராய்டு 11 மாறும் பகுதிகளை மட்டும் தற்காலிகமாக எழுதிவைத்து, புதியது சரியாக எழுந்த பின் இணைக்கும் முறையைக் கொண்டுவந்தது. அதற்கு நம் படங்களும் வீடியோக்களும் இருக்கும் அதே சேமிப்பகத்தில் கொஞ்சம் காலியிடம் தேவைப்படலாம். மின்சாரம் வேண்டியது எழுதும் வேலைக்காக. ஃபிளாஷ் நினைவகம் எலக்ட்ரான்களை நுண்ணிய அறைகளில் அடைத்துத் தகவலைச் சேமிக்கிறது. அடைக்கும் கணத்தில் மின்சாரம் போனால் அறையில் இருப்பது எதுவென்று சொல்ல முடியாது.

ஆகவே அப்டேட் நின்றால் இந்த வாசல்களை வரிசையாகப் பார்த்தால் போதும். சில ஜிபி இடத்தைக் காலி செய்யுங்கள், சார்ஜரில் போடுங்கள், தேதியைத் தானியங்கி முறைக்கு மாற்றுங்கள், விபிஎன் இருந்தால் அணையுங்கள். ரீஸ்டார்ட் செய்து, நல்ல வைஃபையில் மறுபடி முயலுங்கள். ஐபோனில் ஸ்டோரேஜ் பட்டியலில் இருக்கும் அப்டேட் கோப்பை நீக்கிவிட்டுப் புதிதாக இறக்கலாம். இடப் பற்றாக்குறை தீரவே இல்லையென்றால் கணினியில் இணைத்துப் போடலாம்.

லோகோவிலேயே நிற்கும் ஐபோனை ரெக்கவரி நிலையில் கணினியோடு இணைத்தால் 'அப்டேட்', 'ரீஸ்டோர்' என இரண்டு வழிகள் தெரியும். முதலாவது உங்கள் தகவல்களை வைத்துக்கொண்டு இயங்குதளத்தை மட்டும் மறுபடி நிறுவ முயலும். இரண்டாவது எல்லாவற்றையும் அழித்துவிடும். கடையில் "சாஃப்ட்வேர் போடணும்" என்று சொன்னால், டேட்டா போகுமா என்று முதலில் கேளுங்கள்.

இயங்குதளம் லட்சக்கணக்கான போன்களில் ஒரே மாதிரி இருப்பது. எத்தனை முறை உடைந்தாலும் நிறுவனத்தின் சர்வரிலிருந்து மறுபடி வந்துவிடும். உங்கள் படங்களும் கடிதங்களும் அப்படியல்ல. இன்றைய போன்களில் அவை போனின் சிப்புக்குள் இருக்கும் ரகசியமும் உங்கள் திரைப் பூட்டின் எண்ணும் சேர்ந்தால் மட்டுமே திறக்கும் குறியீட்டில் இருக்கின்றன. சிப் செத்துவிட்டால் தயாரித்த நிறுவனத்தாலும் அவற்றைப் படிக்க முடியாது. அப்டேட் பொத்தானை அழுத்தும் முன் பேக்கப் எடுத்துவிடுங்கள். மற்ற எல்லாவற்றுக்கும் பொறியாளர்கள் இரண்டாவது பிரதி வைத்திருக்கிறார்கள். இதற்கு மட்டும் நீங்கள்தான் வைக்க வேண்டும்.