நான்காம் நாளும் தணியாத ஜுரம்

ரத்தப் புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொண்ட குழந்தைக்கு, அடுத்த வாரத்தில் ஒரு மாலை உடம்பு சுடுமானால், பருவ ஜுரமென்று எண்ணிக் கஷாயம் வைத்துக் கொடுத்து, விடியட்டும் பார்க்கலாமென்று பெற்றோர் இருந்துவிடலாகாது. புற்றணுக்களை அழிக்கப் புகுந்த ஔஷதம், நல்லது கெட்டது என்ற பேதம் பாராமல் எலும்பு மஜ்ஜையையும் வாட்டிவிடுவதால், கிருமிகளை விழுங்கும் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500க்கும் கீழே இறங்கி, பத்து நாட்களுக்கு மேலும் அந்நிலையிலேயே நிற்கக்கூடும். அச்சமயத்தில், மற்றக் குழந்தைகள் அன்றாடம் மூச்சோடு இழுத்தும் ஒரு தீங்குமின்றி இருந்துவிடுகிற ஆஸ்பெர்ஜில்லஸ் என்னும் பூஞ்சையின் வித்துக்கள், இரண்டு மூன்று மைக்ரான் அளவே உடையனவாகையால், நுரையீரலின் கடைசிச் சிற்றறைகள் வரை சென்று அங்கே முளைவிடுகின்றன. வார்டுக்குப் பக்கத்தில் கட்டடம் இடித்தால் தூசியோடு இவ்வித்துக்களும் பெருகுமென்பதாலேயே இக்குழந்தைகளை அப்பக்கம் அழைத்துப்போக விடுவதில்லை. வார்டுக்குள் பூந்தொட்டிக்கும் இடமில்லை. கேண்டிடா என்னும் மற்றொரு பூஞ்சையோ வெளியிலிருந்து வரவேண்டியதே இல்லை. வாயிலும் குடலிலும் சாதுவாகக் குடியிருந்தது, மருந்தினால் புண்பட்ட சவ்வின் வழியே ரத்தத்தில் கலந்துவிடுகிறது.

ஆஸ்பத்திரியில் முதலில் பாக்டீரியாவுக்கான மருந்தைத்தான், தாமதமின்றி, ஏற்றுவார்கள், அதுவே முறை. நான்கு நாட்கள், அதாவது 96 மணி நேரம், கழிந்தும் ஜுரம் தணியாவிட்டால் வைத்தியரின் சந்தேகம் பூஞ்சையின்மேல் திரும்புகிறது. ஆனால் அதற்கு ருசு கிடைப்பது துர்லபம். ரத்த வளர்ப்புச் சோதனையில் கேண்டிடா ஏறக்குறையப் பாதித் தடவை அகப்படாமல் நழுவும், ஆஸ்பெர்ஜில்லஸ் அதில் முளைப்பதே அபூர்வம், பெரியவர்களின் சி.டி. ஸ்கேனில் தெரியும் பிரத்தியேக அடையாளங்களும் சிறு குழந்தைகளிடம் பெரும்பாலும் தென்படுவதில்லை. ஆகவே, ருசு வரட்டுமென்று காத்திராமல் மருந்தைத் தொடங்கிவிடும் வைத்தியரை அவசரக்காரர் என்பது நியாயமல்ல என்பதே என் அபிப்பிராயம்.

எந்த மருந்து என்பதில்தான் சூக்ஷ்மம் இருக்கிறது. வெனிசுவேலாவில் ஓரினோகோ நதிக்கரை மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து 1950-களில் பிரித்தெடுத்த ஆம்போடெரிசின்-பி, பெரும்பாலான பூஞ்சைகளை வெல்லும் சக்தியுடையதாயினும், குளிரும் நடுக்கமும் தந்து சிறுநீரகத்தையும் வருத்துவது. அந்த மஞ்சள் திரவம் உப்புநீரில் கலந்தால் திரிந்துவிடுமாகையால், குளுக்கோஸ் நீரிலேயே கலந்து மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிறார்கள். கொழுப்புறையிட்ட புதிய வகை சிறுநீரகத்துக்கு இதமானது. விலையோ பல மடங்கு.

மாத்திரையாகக் கொடுத்தால் சௌகரியமாயிற்றே எனலாம். ஆனால் அதில் ஓர் ஆபத்து உண்டு. வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கப்படும் வின்கிறிஸ்டின், குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு ஆதாரமான மருந்துகளுள் ஒன்று. அதைக் கல்லீரல் சிதைத்து வெளியேற்றும் காரியத்தை பூஞ்சைக்கான மாத்திரைகளான இட்ரகோனசோல், வோரிகோனசோல், போசகோனசோல் ஆகியவை தடுத்துவிடுவதால், அது உடம்பிலேயே தங்கி நரம்புகளைத் தாக்க, குழந்தைக்கு மலம் கட்டி வயிறு உப்பும். நடக்கையில் பாதம் தொங்கும். சில சமயம் வலிப்பும் காணும். படர்தாமரைக்கென்று சர்வசாதாரணமாக வாங்கப்படும் மாத்திரைகளுள் இட்ரகோனசோலும் ஒன்று. அண்ணனுக்கு வாங்கியது மீந்திருக்கிறதே என்று இந்தக் குழந்தைக்குக் கொடுத்துவிடுவது பேராபத்து.

நுரையீரலில் ஆஸ்பெர்ஜில்லஸ் உறுதிப்பட்டால் சிகிச்சை குறைந்தது ஆறு வாரம், பெரும்பாலும் அதற்கு மேலும் நீளும். அத்தனை நாளும் புற்றுநோய் மருந்தை நிறுத்திவைத்தால் புற்று தலையெடுக்கும். நிறுத்தாவிட்டால் வெள்ளணுக்கள் மறுபடி சரியும். ஆகையால் பூஞ்சை சற்று அடங்கியதும், அதற்கான மருந்தை விடாமலே அடுத்த சுற்றைத் தொடங்குகிறார்கள்.