ரைட்டர் கோப்பு விக்கிக்குப் போகும்முன்

லிப்ரேஆபிஸ் ரைட்டர்ல எழுதின கோப்பை நேரா மீடியாவிக்கி தளத்துல ஏத்த 'விக்கி பப்ளிஷர்'னு ஒரு நீட்சி இருக்கு. கணினியில ஜாவா வேணும். ஃபைல் மெனுவில் 'சென்ட்', அதுக்குள்ளே 'டு மீடியாவிக்கி', அவ்வளவுதான்.

ஆனா அது பார்வைக்குத் தெரியிறதை அனுப்பாது. உள்ளே இருக்கிற எழுத்தையும் ஸ்டைலையும்தான் அனுப்பும். போல்ட் போட்டுப் பெருசாக்கின வரி தலைப்பாகாது. 'ஹெட்டிங்' ஸ்டைல் கொடுக்கணும். படங்களும் கூட வராது, விக்கியில தனியா ஏத்தணும்.

நமக்கு முக்கியமானது எழுத்துரு. அப்பா பாமினியில தட்டி வச்ச ஊர் வரலாறு, விக்கியில வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாத்தான் நிக்கும். முதல்ல யூனிகோடுக்கு மாத்துங்க. தமிழ் விக்கிப்பீடியாவுக்குன்னா, மணல்தொட்டியில ஏத்திப் பாத்துட்டு அப்புறம் வெளியிடுங்க. மூலக் கோப்பை மட்டும் அழிச்சிடாதீங்க!