நீலசந்திராவுக்கு வருஷம் முழுக்கப் பூ வரும், தெரியுமா?

ஊர் பன்னிரண்டு மாதமும் பூத்துக்கொண்டே இருக்கவேண்டும் என்று ஒருவர் கணக்குப் போட்டு மரம் நட்டார் என்றால் நம்புவீர்களா? நட்டிருக்கிறார்! நம் பெங்களூருவில்தான்! ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்துக்குப் பக்கத்தில் 1865-ல் பிறந்த குஸ்டாவ் ஹெர்மன் க்ரும்பீகல் அவர். லண்டன் கியூ தோட்டத்தில் வேலை பார்த்தார். 1893-ல் பரோடா சமஸ்தானத்துக்கு வந்தார். 1908-ல் மைசூர் சமஸ்தானம் அவரை லால்பாக் தோட்டத்துக்கு அழைத்துக்கொண்டது. ஒரு சாலையில் பூ உதிரும்போது அடுத்த சாலையில் மொட்டு விரிய வேண்டும், அது ஓயும்போது இன்னொன்று தொடங்க வேண்டும். அவர் போட்ட கணக்கு இதுதான். தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா என்று எங்கெங்கிருந்தோ விதை வரவழைத்து, எந்த மரம் எந்த மாதம் பூக்கும் என்று பார்த்துப் பார்த்து நட்டார்.

அந்த மனிதர் இப்போது எங்கே உறங்குகிறார், தெரியுமா? நீலசந்திராவிலிருந்து கூப்பிடு தூரத்தில்! 1956 பிப்ரவரியில், 90 வயதில் காலமானார். ஓசூர் சாலையில் இருக்கும் மெத்தடிஸ்ட் கல்லறைத் தோட்டத்தில்தான் அடக்கம். அந்தச் சாலையை பஸ்ஸிலும் ஆட்டோவிலும் எத்தனை முறை கடந்திருப்போம்! உள்ளே கிடப்பவர்தான் நம் தலைக்கு மேலே பூத்தூவுகிறவர் என்று ஒருவரும் சொல்லித் தரவில்லையே!

நீலசந்திராவுக்குள் வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். வீட்டை ஒட்டி வீடு, மாடியை ஒட்டி மாடி. தமிழும் உருதும் கன்னடமும் ஒரே டீக்கடையில் கலந்து ஒலிக்கும். இந்தப் பேட்டையின் ஒரு பகுதிக்கு ‘ரோஸ் கார்டன்’ என்றே பெயர். ஆனால் மரம் நிற்க இடம் குறைவு. அதனால்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் சந்தில் மரம் இல்லாவிட்டாலும் பத்து நிமிஷ நடையில் ஏதாவது ஒன்று பூத்து நிற்கிறது. எந்த மாதமாக இருந்தாலும் சரி!

தை மாதக் குளிரில் இலையெல்லாம் கொட்டிவிட்டு, குச்சி குச்சியாக நிற்கும் மரம் திடீரென்று ரோஜா நிறத்தில் வெடிக்கிறதே, அது தபேபுயா ரோசியா. மத்திய அமெரிக்காவிலிருந்து வந்தது. எல் சால்வடார் நாட்டின் தேசிய மரமே அதுதான்! அதன் தம்பி மஞ்சள் தபேபுயா மாசி, பங்குனியில் வரும். அதே சூட்டில் ஊதா நிற ஜகரண்டா. இந்த மரங்கள் ஏன் இலையை உதிர்த்துவிட்டுப் பூக்கின்றன, தெரியுமா? வறண்ட காலத்தில் இலை இருந்தால் அது வழியாகத் தண்ணீர் ஆவியாகிப் போகும். இலை போனால் தண்ணீர் மிச்சம். அதோடு, மறைக்க இலை இல்லாததால் தேனீக்குத் தூரத்திலிருந்தே பூ கண்ணில் படும். மொட்டை மரம் என்று நாம் பரிதாபப்படும் நேரத்தில் அது உள்ளுக்குள் பூவுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறது!

இன்னொரு ஆச்சரியம். தபேபுயா, ஜகரண்டா, ராத்திரியில் மணக்கும் மரமல்லி, எல்லாமே ஒரே தாவரக் குடும்பம். அந்தக் குடும்பத்தில் நம்மூர் உறவுக்காரர் ஒருவர் உண்டு: பாதிரி! கடலூர் திருப்பாதிரிப்புலியூர் கோயிலின் தலமரம் அதுதான். சங்கப் புலவர்கள் பாலைத் திணையில் வைத்துப் பாடிய வேனிற்காலப் பூவும் அதுதான். அமெரிக்காவிலிருந்து வந்த ‘வெளிநாட்டு மரம்’ என்று நாம் அண்ணாந்து பார்ப்பது பாதிரிக்குப் பங்காளி! எனக்கு இதைப் படித்தபோது புல்லரித்தது.

சித்திரை, வைகாசி வந்தால் மே ஃபிளவர். குல்மோகர் என்பார்கள், மயில்கொன்றை என்றும் சொல்வார்கள். சொந்த ஊர் மடகாஸ்கர் தீவு. கீழே விழுந்த ஒரு பூவை எடுத்துக் கையில் வைத்துப் பாருங்கள். நான்கு இதழ் முழுச் சிவப்பு. ஐந்தாவது மட்டும் வேறு மாதிரி! கொஞ்சம் பெரிதாக, வெள்ளையும் மஞ்சளுமாகச் சிவப்புத் தீற்றலோடு நிமிர்ந்து நிற்கும். தேன் இந்தப் பக்கம் என்று வழி காட்டும் இதழ் அது. பத்து மகரந்தக் காம்புகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதன் கொண்டையைக் கொண்டையோடு மாட்டி இழுத்து, எவன் தலை முதலில் அறுகிறது என்று பள்ளி வாசலில் பந்தயம் கட்டாத தமிழ்ப் பிள்ளை உண்டா? இதழைக் கடித்துப் பார்த்தால் லேசான புளிப்பு. இதே மாதங்களில் மஞ்சள் சரம் சரமாகச் சரக்கொன்றை, மங்கிய ஊதாவில் பூமருது. அவை இரண்டும் நம் மண்ணின் மரங்கள். நிறுத்தி வைத்த ஆட்டோ மேலெல்லாம் மஞ்சள் பொடியாகக் கொட்டுவது பெருங்கொன்றை.

இத்தனையையும் ஒரே ஆள் நட்டுவிடவில்லை. 1980-களில் எஸ். ஜி. நெகின்ஹால் என்ற வன அதிகாரி பெங்களூருவில் சுமார் 15 லட்சம் கன்றுகளை நட வைத்தார், தெரியுமா? இன்று நாம் படமெடுத்து அனுப்பிக்கொள்ளும் சாலையோரப் பூக்களில் பெரும்பங்கு அந்தத் தலைமுறைக் கன்றுகள்தான். அவருக்கும் முன்னால், க்ரும்பீகலுக்கும் முன்னால், 1874 முதல் 1908 வரை லால்பாக்கைப் பார்த்துக்கொண்டவர் ஜான் கேமரன். மெக்சிகோ பக்கத்துச் சவ்சவ்வை இங்கே கொண்டுவந்த பெருமை அவருக்குத்தான். கூட்டிலும் சாம்பாரிலும் போடுகிறோமே, அந்த பெங்களூர் கத்திரிக்காய்!

சரி, மண்ணைக் கொத்தித் தண்ணீர் ஊற்றி வளர்த்தது யார்? இங்கேதான் நம் கதை வருகிறது. பெங்களூருவின் தோட்டக்காரச் சமூகம் திகளர். வன்னிகுல க்ஷத்திரியர் என்றும் சொல்வார்கள். தமிழ் வேர் கொண்டவர்கள், திரௌபதி அம்மனைக் கும்பிடுகிறவர்கள். 1760-ல் ஹைதர் அலி தொடங்கிய லால்பாக்கிலும், ஊரைச் சுற்றியிருந்த பூந்தோட்டங்களிலும் காய்கறித் தோட்டங்களிலும் தலைமுறை தலைமுறையாக வியர்வை சிந்தியவர்கள். அவர்களுடைய திருவிழாதான் பெங்களூரு கரகம்! சைத்ர பௌர்ணமி இரவில் தர்மராய சுவாமி கோயிலிலிருந்து கரகம் புறப்படும். பூசாரி புடவை கட்டி, வளையல் போட்டு, மல்லிகைச் சரங்களால் மூடிய கோபுரம் போன்ற கரகத்தைத் தலையில் ஏந்தி வருவார். கையால் பிடிப்பதே இல்லை! சுற்றிலும் வாளேந்திய வீரகுமாரர்கள். கரகம் தவக்கல் மஸ்தான் தர்காவில் நின்று மரியாதை செய்துவிட்டுத்தான் மேலே போகும். மல்லிகை அமோகமாக வரும் பருவத்தில், பூ வளர்ப்பவர்களே பூவைத் தலையில் வைத்து ஆடும் விழா. பருவமும் கலையும் பக்தியும் இப்படி ஒன்றாகக் கைகோக்கும் இரவு இந்த நகரத்தில் இன்னொன்று இல்லை என்றே சொல்வேன். ஒரு முறையாவது விடிய விடிய விழித்திருந்து பாருங்கள்.

நீலசந்திராவில் மரத்தைவிட முன்னதாகவே பருவத்தைச் சொல்லிவிடுவது தள்ளுவண்டி. கார்த்திகையில் பச்சை வேர்க்கடலை குவிந்தால், பசவனகுடியில் கடலைக்காய் பரிஷே நெருங்கிவிட்டது என்று அர்த்தம். கன்னடக் கார்த்திகை மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை அந்தச் சந்தை. மார்கழியில் அவரேக்காய், அதாவது நம் மொச்சை. அந்தக் காயை உரித்தவர் விரலில் ஒரு பிசுக்கு ஒட்டும். சோப்புப் போட்டாலும் லேசில் போகாது. அந்தப் பிசுக்கின் வாசனைக்குத்தான் இங்கே ‘சொகடு’ என்று மதிப்பு. பனியில் விளைந்த காயில் சொகடு அதிகம் என்று வண்டிக்காரர்கள் அடித்துச் சொல்வார்கள். பருப்பை ஊறவைத்து, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு பிதுக்கு. தோல் கையில், பருப்பு பாத்திரத்தில்! பிதுக்குப் பருப்புக் குழம்பு கொதிக்கும் வாசனை சந்து முழுக்கப் பரவினால், அதுதான் எங்கள் முன்பனிக் காலம்.

முதல் மழையில் மண் மணக்கிறதே, அது என்ன வாசனை தெரியுமா? மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள்தான் அதில் பெரும்பங்கு. லட்சம் கோடியில் ஐந்தாறு பங்கு இருந்தாலே மனித மூக்கு கண்டுபிடித்துவிடும்! அந்த நுண்ணுயிர் இனத்தின் பெயர் ஸ்ட்ரெப்டோமைசிஸ். காசநோய்க்கு முதல் மருந்தாக வந்த ஸ்ட்ரெப்டோமைசின் அதே இனத்திலிருந்து கிடைத்ததுதான். மழை வாசம் பட்டதும் மனசு லேசாகிறது என்று சொல்லும்போது, உயிர் காத்த ஒரு குடும்பத்தின் வாசனையைத்தான் முகர்ந்துகொண்டிருக்கிறோம்!

மரத்தைப் பார்த்தால் மட்டும் நோய் ஆறுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு சேதி. 1984-ல் ரோஜர் அல்ரிச் என்பவர் ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார். அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனை. பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேர். அதில் 23 பேரின் ஜன்னலுக்கு வெளியே மரங்கள். மற்ற 23 பேருக்கு செங்கல் சுவர். மரம் பார்த்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது! அடுத்த வீட்டுச் சுவரைப் பார்த்தே திறக்கும் ஜன்னல்கள் நிறைந்த பேட்டைக்கு இது சாதாரணச் செய்தியா? தெருமுனையில் நிற்கும் ஒற்றைப் புங்கை மரத்தை வெட்டக் கோடாலி வரும்போது, நாம் ஒன்றாகப் போய் நிற்பதற்கு இந்த ஒரு காரணம் போதும்.

இந்த மரங்களை வரைவதற்காகவே ஒருவர் அரசியலைத் துறந்தார், தெரியுமா? ருமாலெ சென்னபசவய்யா. 1910-ல் தொட்டபள்ளாபுரத்தில் பிறந்தவர். ஓவியம் படித்துக்கொண்டிருந்தபோது விடுதலைப் போராட்டம் அழைத்தது. தூரிகையை வைத்துவிட்டுச் சிறைக்குப் போனார். பத்திரிகை ஆசிரியர், மேலவை உறுப்பினர் என்று பல வேடம். 1960-களில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மறுபடி வண்ணத்துக்கே திரும்பினார். ஸ்டுடியோவில் அல்ல, மரத்தடியிலேயே உட்கார்ந்து வரைந்தார். பூத்த மே ஃபிளவரும் ஜகரண்டாவும் அவர் கையில் தீயாக, புகையாக, மழையாக எழும். 1988-ல் மறைந்தார். ராஜாஜி நகரில் ருமாலெ ஆர்ட் ஹவுஸ் இருக்கிறது. வெட்டப்பட்டுவிட்ட எத்தனையோ மரங்கள் அங்கே இன்னும் பூத்துக்கொண்டிருக்கின்றன.

அவருக்கு ஒரு தலைமுறை முந்தியவர் கே. வெங்கடப்பா, 1886-ல் பிறந்தவர். கல்கத்தாவில் அவனீந்திரநாத் தாகூரிடம் பயின்றவர். வீணை சேஷண்ணாவிடம் வீணையும் கற்றார்! ஊட்டிக்குப் போய் மூடுபனியையும் மழையையும் நீர்வண்ணத்தில் பிடித்தார். ஒரே மலை, வெவ்வேறு பொழுது, வெவ்வேறு பருவம். கப்பன் பூங்காவை ஒட்டி, கஸ்தூர்பா சாலையில் அவர் பெயரிலேயே கலைக்கூடம் இருக்கிறது. மனசு கனத்த நாளில் அந்தச் சிறிய ஊட்டிப் படங்களின் முன்னால் நின்று பாருங்கள். அவசரமே தெரியாத ஒரு கை நம் மூச்சையும் மெதுவாக்கிவிடுகிறது.

அதே நீலகிரிக்கு நீல நிறம் தரும் குறிஞ்சி 12 வருஷத்துக்கு ஒரு முறைதான் பூக்கும். 2006-ல் பூத்தது, 2018-ல் பூத்தது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை ஒரே மூச்சில் அடுக்கியிருக்கிறாரே, குறிஞ்சியும் அந்த வரிசையில் உண்டு!

நாகலிங்கப் பூ மட்டும் பாக்கி. உள்ளே லிங்கம், மேலே படமெடுத்த நாகம். சிவன் கோயில் மரம் என்றே நினைத்திருப்போம். சொந்த ஊர் தென் அமெரிக்கா! பூவில் துளித் தேனும் கிடையாது. வண்டுக்கும் தேனீக்கும் கொடுக்க நாகத்தின் படத்தில் தனியாக ஒரு மலட்டு மகரந்தம் வைத்திருக்கிறது. இனம் பெருக்கும் மகரந்தம் லிங்கத்தைச் சுற்றிய வளையத்தில்! கிளையில் பூக்காமல் அடிமரத்திலேயே பூக்கும், அண்ணாந்து பார்க்கவே வேண்டாம், குழந்தையின் கைக்கே எட்டும்.

குறிஞ்சிக்கு இனி 2030. மரமல்லிக்கு ஐப்பசி. ரோஜா நிறத் தபேபுயாவுக்குத் தை. லால்பாக் கேட் காலை 6 மணிக்கே திறந்துவிடுகிறது, கிளம்புங்கள்!