எஞ்சினுக்கும் ஜாதகம் உண்டு

பள்ளி விடுமுறை வந்தால் டில்லித் தமிழர்களில் பலர் இப்போது விமானத்தில்தான் சென்னைக்குப் போகிறோம். விமானம் பழசா புதுசா என்று நண்பர்கள் என்னிடம் விசாரிப்பதுண்டு. விமானத்தின் வயதைவிட, அதன் எஞ்சினுக்குள் சுழலும் சில பாகங்களின் வயதே முக்கியம் என்று நான் சொல்வேன்.

ஜெட் எஞ்சினில் பிளேடுகளைத் தாங்கி நிற்பவை கனத்த உலோகத் தட்டுகள். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுற்றுபவை. ஒரு பிளேடு முறிந்தால் எஞ்சினின் உறை அதைத் தடுத்துவிடும். தட்டே பிளந்தால் உறையும் தாங்காது. 1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவில் யுனைடெட் நிறுவனத்தின் டி.சி.-10 விமானத்தில் இதுதான் நடந்தது. சிதறிய துண்டுகளால் ஹைட்ராலிக் குழாய்கள் அறுந்தன. விமானம் சூ சிட்டியில் மோதி நொறுங்கியது. 296 பேரில் 112 பேர் மாண்டனர். அந்தத் தட்டுக்கு விதித்த ஆயுள் 18,000 பயணங்கள், பிளந்தது 15,503-இல். உலோகத்திலேயே இருந்த குறை விரிசலாக வளர்ந்ததைப் பரிசோதனையில் கவனிக்கவில்லை.

இந்த ஆயுளைப் பெரும்பாலும் மணிக்கணக்கில் அல்ல, பயணக் கணக்கில் எண்ணுகிறார்கள். மூன்று மணி நேரச் சென்னைப் பயணமும் ஒன்றுதான், ஒன்பது மணி நேர லண்டன் பயணமும் ஒன்றுதான். எஞ்சின் முழு வேகம் எடுத்து, சூடாகி, ஆறும் ஒவ்வொரு முறையும் உலோகம் சற்றே களைக்கிறது. வரம்பு வந்துவிட்டால், பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் கழற்றியே ஆகவேண்டும். தொழிற்சாலையில் பிறந்த நாள் முதல் எந்த எஞ்சினில் எத்தனை பயணம் என்ற பதிவு அறுபடாமல் இருக்கவேண்டும். அதுவே அதன் ஜாதகம். ஜாதகம் தொலைந்த தட்டு பழைய இரும்புக்குத்தான் லாயக்கு.

சில சமயம் தயாரிப்பில் குறை தெரியவந்து, குறித்த கெடுவுக்குள் பாகத்தை மாற்றச் சொல்லி உத்தரவு வரும். அப்படி ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பு 2023-இல் பிறப்பித்த உத்தரவின்படி, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் ஓர் ஏர்பஸ் ஏ320 எஞ்சினில் பாகங்களை உரிய காலத்தில் மாற்றவில்லை. மாற்றியதுபோல் பதிவைத் திருத்தியதாகவும் தெரிகிறது என்று 2025 மார்ச்சில் நம் டில்லியிலுள்ள டி.ஜி.சி.ஏ. அந்நிறுவனத்தைக் கண்டித்தது. பராமரிப்புப் பதிவுகளைக் கணினியில் வேறு முறைக்கு மாற்றியபோது கெடு தேதி தவறிவிட்டது, தவறை ஒப்புக்கொண்டு சரிசெய்துவிட்டோம் என்பது நிறுவனத்தின் விளக்கம்.

தாமதம் ஒரு தவறு. பதிவைத் திருத்துவது அதைவிடப் பெரிய தவறு என்பேன். ஏனெனில் அடுத்து எஞ்சினைத் திறக்கும் மெக்கானிக்குக்கு அந்தப் பதிவைத் தவிர வேறு சாட்சி இல்லை. பயணிகளான நாம் அதைப் பார்க்க முடியாது. நமக்காகப் பார்ப்பது டி.ஜி.சி.ஏ.யின் கடமை. ஆனால் மார்ச் மாதக் கண்டனத்தை நாம் அறிந்தது ஜூலையில், ராய்ட்டர் செய்தி வழியாக. இத்தகைய கண்டனங்களை டி.ஜி.சி.ஏ.வே உடனுக்குடன் வெளியிடவேண்டும். டிக்கெட் வாங்கும் நமக்கு அதைக் கேட்க உரிமை உண்டு.