உதடு ஒட்டும் இடம்

பூதப்பாண்டியில் என் பெரியம்மை டி.வி.யில் டப்பிங் படம் பார்க்கும்போது கண்ணை நடிகரின் உதட்டில்தான் வைத்திருப்பாள். "மக்கா, அவன் வாய மூடிட்டான், பேச்சு மட்டும் ஓடுதே" என்பாள். முதலில் திருவிதாங்கூரிலும் பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்த ஊர் இது. மலையாளம் காதுக்குப் பழக்கம். மலையாளப் படத்துக்குத் தமிழ்க் குரல் கொடுத்தவர் எங்கே இடறினார் என்பது எங்களுக்குச் சட்டென்று பிடிபட்டுவிடும்.

இடறுவது பெரும்பாலும் ப, ம வரும் இடத்தில். இரண்டும் உதடு ஒட்டினால்தான் பிறக்கும்; தொல்காப்பியம் பிறப்பியலில் சொன்ன சங்கதிதான். மலையாள நடிகர் தாகத்தோடு "வெள்ளம் தா" என்கிறார். 'ம்' வரும்போது உதடு மூடுகிறது. "தண்ணீர் தா" என்று தமிழில் எழுதினால் உதடு எங்குமே ஒட்டாது. எங்கள் பக்கம் குடிக்கும் தண்ணீரையும் வெள்ளம் என்பதுண்டு. ஆனால் மதுரைக்காரர் ஆற்றுப் பெருக்கை அல்லவா நினைப்பார்? "கொஞ்சம் தா" என்று சொல்லிப் பாருங்கள். அசை அதே மூன்று, 'ம்' அதே இடத்தில். நடிகர் கையில் இருக்கும் காலி டம்ளர் மிச்சத்தைச் சொல்லிவிடும்.

இனிக் குரல் கலைஞரின் பாடு. திரையில் இருப்பவர் மூச்சு வாங்கும் இடத்தில் இவரும் வாங்க வேண்டும். அவர் மாடிப்படி ஏறிக்கொண்டே பேசினால், இவர் மைக் முன்னால் நின்ற இடத்திலேயே இளைக்க வேண்டும். சட்டை உரசினாலும் மைக் பிடித்துவிடும். முன்பெல்லாம் காட்சித் துண்டின் இரு முனைகளையும் ஒட்டி வளையமாக ஓடவிடுவார்கள். அதற்கு 'லூப்' என்று பெயர். வசனம் உதட்டில் உட்காரும்வரை அது சுற்றிக்கொண்டே இருக்கும். இப்போது கணினியில் ஒரு சொல்லை மட்டும்கூடத் திருத்திக்கொள்ளலாம்.

டப்பிங் தமிழுக்குப் புதிதல்ல. கன்னட ஹரிச்சந்திரன் படத்தைத் தயாரிப்பாளர் ஏ.வி. மெய்யப்பன் தமிழ் பேசவைத்து வெளியிட்டது 1944இல். தமிழ்ப் படங்களுக்குள்ளும் இந்தக் கலை உண்டு. 1980களில் நடிகர் மோகன் பல படங்களில் பேசியது எஸ்.என். சுரேந்தரின் குரலில். மோகனிடம் நாம் கண்ட கனிவில் பாதி சுரேந்தருடையது என்றே நான் நினைக்கிறேன்.

முத்துப்பேட்டைக்காரரான நடிகர் எம்.எஸ். பாஸ்கரும் டப்பிங்கில் நெடுங்காலம் உழைத்தவர்தான். 'மொழி'யில் (2007) மகனை இழந்து அந்தக் காலத்திலேயே நின்றுவிட்ட பேராசிரியராக வந்தார். 'பார்க்கிங்' (2023) அவருக்குத் துணை நடிகருக்கான தேசிய விருதைத் தந்தது. அந்தப் படத்தை ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். கார் நிறுத்தும் இடத்துக்கான சண்டையில், சொல்லுக்கு முன்பே மூச்சில் கோபம் ஏறிவிடுகிறது.