நொய்யலைக் காக்கும் தொழிலறிவு

திறமைசாலிகள் திரண்டால் நகரம் தானாகப் பசுமையாகிவிடும் என்று நகரத் திட்டமிடுவோரில் பலர் நம்புகிறார்கள். பெங்களூரு அந்த நம்பிக்கைக்கு இடம் தரவில்லை. மென்பொருள் பொறியாளர்கள் நிறைந்த அந்த ஊரில்தான் பெல்லந்தூர் ஏரி நுரை கக்கியது; 2017-இலும் 2018-இலும் தீப்பற்றி எரிந்தது. அங்கே குவிந்த அறிவு கடல் கடந்த வாடிக்கையாளர்களுக்கு உழைக்கிறது. ஏரியில் விழும் சாக்கடைக்கும் அந்த அறிவுக்கும் தொழில்வழித் தொடர்பு இல்லை. மாசு எந்தத் தொழிலில் பிறக்கிறதோ, அந்தத் தொழிலின் நுணுக்கம் தெரிந்தவர்கள் அதனருகே குவிந்திருப்பதுதான் பயன் தரும் என்பது என் வாதம். அதற்கு நொய்யல் கரையிலுள்ள பின்னலாடை நகரமான திருப்பூரே சான்று.

பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்ற ஏராளமான உப்பு வேண்டும். கழிவுநீரின் நிறத்தைப் போக்கிவிடலாம். கரைந்த உப்பு அப்படிப் போகாது. அந்த நீர் நொய்யல் ஆற்றில் இறங்கியதால், பாசனத்துக்காக 1992-இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியானது. விவசாயிகள் வழக்குத் தொடுத்தார்கள். சொட்டுக் கழிவும் வெளியேறக் கூடாது என்று 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2009-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. பொது சுத்திகரிப்பு நிலையங்களில் ஆர்.ஓ. (எதிர்ச் சவ்வூடுபரவல்) இயந்திரங்கள் வந்தன. பெரும்பகுதி நீரை அவை மீட்டன. ஆனால் மிஞ்சிய அடர் உப்புநீரை ஆவியாக்கும் கட்டத்தில் எல்லாம் முடங்கியது. எரிபொருள் செலவு கட்டுப்படியாகவில்லை. இயந்திரங்களும் எதிர்பார்த்தபடி ஓடவில்லை. 2011 ஜனவரியில் சாயப் பட்டறைகளை மூட நீதிமன்றம் உத்தரவிட்டது. திருப்பூரின் அருள்புரம் பொது சுத்திகரிப்பு நிலையத்தில் பிறந்த வழி வேறு: உப்புநீரை முழுக்க ஆவியாக்காமல், சுத்தப்படுத்தி மறுபடி சாயத் தொட்டிக்கே அனுப்புவது. கேட்க எளிது. ஆனால் அந்த நீரில் ஷேடு சரியாக வருமா, துணிக்குத் துணி மாறாமல் இருக்குமா என்பதைச் சாய மாஸ்டர்தான் சொல்ல முடியும். நீர்ப் பொறியாளரும் சாயம் தெரிந்தவரும் ஒரே ஊரில் இருந்தால்தான் இந்தச் சோதனை நாள்தோறும் நடக்கும். பக்கத்து நிலையத்துக்கும் பரவும்.

நொய்யலைக் காத்தது நீதிமன்றமா, திறமையா என்று கேட்கலாம். நீதிமன்றம் தலையிடும்வரை அதே திறமைதான் ஆற்றைக் கெடுத்தது. இதை மறைக்கக் கூடாது. விவசாயிகளின் விடாப்பிடி இல்லையென்றால் எந்தப் பொறியாளரும் உப்புநீரைத் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார். ஆனால் 2006-க்கும் 2011-க்கும் இடையில் உத்தரவு இருந்தது, இயந்திரங்களும் இருந்தன. தீர்வு மட்டும் வரவில்லை. சட்டம் நெருக்கடி தந்தது, மாநில அரசு 2011-இல் அறிவித்த 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் மூச்சுவிட இடம் தந்தது, பட்டறை அனுபவம் வழி கண்டது. மூன்றில் எதைக் கழித்தாலும் கணக்கு நேராகாது.

இன்னொரு ஆட்சேபம் கனமானது: திருப்பூரில் நெருக்கினால் சாயத் தொழில் கண்காணிப்பு குறைந்த ஊர்களுக்கு நழுவுகிறது. உண்மைதான். காவிரிக் கரையில் திருட்டுத்தனமாக ஓடும் பட்டறைகள் அவ்வப்போது பிடிபடுகின்றன. குவிந்த திறமையின் பலன் அது குவிந்த ஊரோடு நின்றுவிடுகிறது என்பதே இதன் பொருள். ஆகவே மற்ற சாய நகரங்களுக்கு இயந்திரத்துக்கான மானியம் மட்டும் போதாது; அதை ஓட்டத் தெரிந்த ஆட்களையும் அரசு அங்கே உருவாக்க வேண்டும். திருப்பூரிலேயே வேலை மிச்சமிருக்கிறது: பிரித்தெடுக்க முடியாத கலப்பு உப்பு, மறுபயன் இல்லாமல் நிலையக் கிடங்குகளில் மூட்டை மூட்டையாகத் தேங்கியிருக்கிறது. அதற்கு வழி தேடக்கூடிய கோவையின் பொறியியல் கல்லூரிகள் ஒன்றரை மணி நேரத் தொலைவில்தான் உள்ளன.