பாட்டிக்கு இன்னும் 22 பற்கள்

பல் மருத்துவம் படிக்கிறேன் என்றதும் உறவினர்கள் இரண்டே கேள்விகள்தான் கேட்பார்கள். "எத்தனை வருஷம்?" "பல் பிடுங்க கையில பலம் வேணுமே, உன்னால முடியுமா?" முதல் கேள்விக்குப் பதில் எளிது: சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகள். இரண்டாவதற்குச் சற்று விளக்கம் வேண்டும். பிடுங்குவதைவிட, முதுமைவரை தாக்குப்பிடித்து வந்த பல்லைக் காப்பாற்றுவதுதான் இப்போது பெரிய வேலை.

சிங்கப்பூரில் 1958லேயே நாடு முழுவதும் குழாய்நீரில் ஃபுளோரைடு சேர்க்கப்பட்டது. இன்று அறுபதுகளில் இருப்பவர்கள் பிறந்ததிலிருந்தே அந்த நீரைக் குடித்தவர்கள். முன்பெல்லாம் அந்த வயதில் முழுப் பல்செட் சாதாரணம். இப்போது பலர் சொந்தப் பற்களோடு வருகிறார்கள். நல்ல செய்திதான், ஆனால் பல் இருந்தால்தானே சொத்தையும் வரும்!

தாதிமை இல்லம் ஒன்றில் 84 வயதுப் பாட்டி ஒருவரைப் பார்க்க மூத்த மருத்துவருடன் சென்றேன். மொழிபெயர்ப்பாளர் வேலையும் எனக்கே. பாட்டிக்கு 22 பற்கள் இருந்தன. ரத்த அழுத்தத்துக்கும் மனச்சோர்வுக்கும் சாப்பிடும் மாத்திரைகளால் உமிழ்நீர் குறைந்து வாய் வறண்டிருந்தது. ஈறு இறங்கிய இடங்களில் வேர் வெளியே தெரிந்தது. வேருக்கு எனாமல் கவசம் இல்லாததால் அங்கே சொத்தை வேகமாகப் பரவும். மறதிநோய் வேறு. துளையிடும் கருவியின் சத்தம் கேட்டாலே தலையைத் திருப்பிக்கொள்வார். "வாயைத் திறங்க பாட்டி" என்றால், "உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்பார்.

இத்தகையவர்களுக்கு சில்வர் டயமின் ஃபுளோரைடு என்ற திரவம் கைகொடுக்கிறது. சிறு தூரிகையால் தடவினால் போதும், ஊசியோ துளையிடுவதோ தேவையில்லை. பெரும்பாலும் சொத்தை பரவாமல் நின்றுவிடும். ஆனால் தடவிய சொத்தை கறுத்துப்போகும், அந்தக் கறுப்பு போகாது. "அம்மா சிரிச்சா கறுப்பாத் தெரியுமே" என்று மகள் கண்கலங்கினார். நீண்ட நேரம் பேசிய பிறகு, பின்பற்களுக்கு மட்டும் திரவம், முன்பற்களில் கையால் சுரண்டி வெண்ணிற அடைப்பு என்று முடிவானது. என்னைக் கேட்டால், அன்று நடந்த சிகிச்சையில் பாதி அந்தப் பேச்சுதான்.

தொழில்நுட்பம் பற்றிக் கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது வாய்க்குள் செலுத்தும் ஸ்கேனரை. முன்பு பல் அச்செடுக்க, கலவை நிரப்பிய தட்டை வாயில் அழுத்திப் பிடிப்பார்கள். பலருக்குக் குமட்டும். ஸ்கேனர் சில நிமிடங்களில் பற்களின் முப்பரிமாண வடிவத்தைத் திரையில் காட்டிவிடும். அந்தக் கோப்பை வைத்து இயந்திரம் சிர்கோனியா கட்டியிலிருந்து பல்லுறையைக் கடைந்தெடுக்கும். ஆயினும் பல்லே இல்லாத வாயில், அசையும் ஈறையும் நாக்கையும் ஸ்கேன் செய்வது இன்னும் சிரமம். அதனால் அச்சுக்கலவை குழைக்கவும் கற்கிறோம். அதில் என் தோழிதான் கெட்டிக்காரி, ரொட்டி மாவு பிசைந்த அனுபவமாம்!

பல்கலைக்கழகம் மட்டுமே வழியல்ல. நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரியில் வாய்நலச் சிகிச்சைக்கான மூன்றாண்டு பட்டயப்படிப்பு உண்டு. பல் சுத்தம் செய்வது, பிள்ளைகளின் சொத்தையை அடைப்பது, துலக்கக் கற்றுக்கொடுப்பது எல்லாம் அவர்கள் கையில்.

துலக்குவது என்றதும் நினைவுக்கு வருகிறது. பாட்டிக்குத் தினமும் பல் துலக்கிவிடுபவர் மியன்மாரைச் சேர்ந்த தாதி. "வாயைத் திறங்க", "துப்புங்க", "வலிக்குதா?" ஆகிய மூன்றையும் அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். அடுத்தமுறை போனபோது, "துப்புங்க"வை மட்டும் பிசிறில்லாமல் சொன்னார். பாட்டியும் உடனே துப்பினார்.